பிள்ளை மாறும்போது வீட்டுவழிக் கல்வியின் அட்டவணையை எப்படி மாற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மூத்தவளுக்கு 14 வயது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துவிட்டு வீட்டில் படிக்கிறாள். சின்னவனுக்கு 8. ஆஸ்துமா இருப்பதால் மருத்துவர் கடிதத்தோடு விண்ணப்பித்து, தொடக்கத்திலிருந்தே அவனை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம். கோயிலில், பாசாரில், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் என்று எங்கே போனாலும் யாராவது ஒரு தாயோ தகப்பனோ என்னை ஓரமாக அழைத்து இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வருடத் தொடக்கத்தில் அழகாக அட்டவணை போடுகிறேன், மூன்று மாதத்தில் உடைந்துபோகிறது. என் மேல்தான் தப்பா?

இல்லை. மூன்று மாதத்தில் பிள்ளையின் சட்டையே சின்னதாகிவிடுகிறது, அட்டவணை மட்டும் அப்படியே பொருந்த வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? போன மாதம் எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளை இந்த மாதம் கதைப் புத்தகத்தோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அதற்குப் போய் இன்னும் அரைமணி நேரம் வாசிப்புப் பயிற்சி வைத்திருந்தால் சண்டைதான் வரும்.

என் அனுபவத்தில் அட்டவணை உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், அதை மணிக்கணக்கில் போட்டிருப்பதுதான். 8.00 தமிழ், 8.45 கணக்கு, 9.30 மலாய் என்று எழுதினால் ஒரு நாள் 8.20-க்குத் தொடங்கினாலே அன்றைய நாள் முழுக்கப் பின்தங்கியதுபோல் ஆகிவிடும், நமக்கும் எரிச்சல், பிள்ளைக்கும் எரிச்சல். நான் மணியை எடுத்துவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டேன். பசியாறியதும் கணக்கு, கணக்கு முடிந்ததும் வெளியே, வெளியே போய்வந்து குளித்ததும் தமிழ், சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிக்க அவர்கள் கேட்பது. எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் வரிசை கெடாது.

எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் மைலோ பெட்டி அட்டையில் வெட்டிய சின்னச் சின்னத் துண்டுகள் காந்தத்தில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை எழுதியிருக்கும். முடிந்ததைப் பிள்ளையே வலது பக்கம் நகர்த்திவிடலாம். இதில் ஒரு வசதி, மாற்ற வேண்டும் என்றால் புது அட்டவணை எழுதி ஒட்ட வேண்டியதில்லை, துண்டை இடம் மாற்றினால் போதும்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளை சோம்பல்படுகிறதா, நிஜமாகவே முடியவில்லையா?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சின்னவன் ஏழாவது வயதில் ஒரு மாதம் முழுக்கத் தினமும் கணக்கு நேரத்தில் அழுதான். முதல் வாரம் செல்லமாகச் சொன்னேன், இரண்டாவது வாரம் அதட்டினேன், மூன்றாவது வாரம் நானும் அழுதேன். அப்புறம் ஒரு பழைய நோட்டை எடுத்து இரண்டு வாரம் எழுதினேன்: எத்தனை மணிக்குப் பிரச்சினை வந்தது, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டான், ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான், அந்த நிமிடம் கையில் என்ன வேலை இருந்தது. அவ்வளவுதான், நாலு வரி.

பதினாலு நாள் பக்கங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. அவன் கணக்குக்கு அழவில்லை, கணக்கை எழுதுவதற்கு அழுதான். வாய்க்கணக்காகக் கேட்ட நாளில் சத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கவனித்தேன். பென்சிலைக் கட்டைவிரலை மேலே மடக்கி முஷ்டியாகப் பிடித்திருந்தான், விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது, மூன்று வரி எழுதியதும் கையை உதறினான். அந்தக் கை வலிக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாருக்கும் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறான்.

அதற்கு மேல் எழுதச் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் இருந்த பழைய சொங்காக் பலகையை எடுத்து வந்தேன், நம் பல்லாங்குழி மாதிரிதான், பக்கத்துக்கு ஏழு குழி, ஓரத்தில் இரண்டு வீடு. குழிக்கு ஏழு கோலி போட்டு, ஒரு பக்கத்தில் எத்தனை, இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை என்று கேட்டேன். 49, 98. ஒரு வாரத்தில் ஏழாம் வாய்ப்பாடு கைக்கு வந்துவிட்டது. “98-ஐ 14 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 7, பார்த்தாலே தெரியுதே அம்மா” என்றான். எழுத்தைத் தனியாகப் பிரித்து, நாளைக்குப் பத்து நிமிடம், தடித்த பென்சில், பெரிய கட்டம். நடுவில் முறுக்கு உரலை அழுத்துவது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் அவன் வேலை.

ஆகவே என் பதில் இது. ஒரே நேரத்தில், ஒரே மாதிரி வேலையில், திரும்பத் திரும்பச் சிக்கல் வந்தால் அதைச் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். நோட்டு எழுதிப் பாருங்கள். பசி, தூக்கம், கண், காது, கை இந்த ஐந்தையும் முதலில் பாருங்கள். பாடம் கடினமா, பிள்ளைக்கு விருப்பமில்லையா என்பதெல்லாம் அப்புறம்.

வீட்டில் நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வைக்க வேண்டும்?

பள்ளியில் ஐந்தாறு மணி நேரம் இருப்பதால் வீட்டிலும் அவ்வளவு வேண்டும் என்று நினைக்கிறார்கள். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வரிசையில் நிற்பது, நோட்டு எடுப்பது, ஆசிரியர் மற்றவர்களைப் பார்ப்பது எல்லாம் அந்த நேரத்தில் சேர்த்தி. ஒருவருக்கு ஒருவராக உட்காரும்போது ஏழெட்டு வயதுக்கு மேசையில் ஒன்றரை மணி நேரம் எங்களுக்குப் போதுமாக இருந்தது, அதுவும் இருபது நிமிடத் துண்டுகளாக. மூத்தவள் இப்போது மூன்றரை, நாலு மணி நேரம் உட்காருகிறாள், அவளே கேட்டு வாங்கிக்கொண்ட நேரம்.

எதை வேண்டுமானாலும் மாற்றலாமா? எல்லாம் மாறினால் பிள்ளைக்குக் குழப்பம் வராதா?

வரும். அதனால் எங்கள் வீட்டில் மூன்று விஷயம் மட்டும் அசையாது. காலையில் எழுந்ததும் அவரவர் படுக்கையை மடிப்பது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சத்தமாகக் கதை வாசிப்பது, ராத்திரி விளக்கணைக்கும் நேரம். இடையில் இருப்பது எல்லாம் மாறலாம். அதிலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். புதுப் புத்தகம், புது நேரம், புது மேசை என்று மூன்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று நமக்கே தெரியாது.

மகளுக்கு 13 ஆகிறது. காலையில் எழவே மாட்டேன் என்கிறாள், முன்பு ஆறரைக்கே எழுந்தவள். திட்டுவதா, விடுவதா?

திட்டாதீர்கள். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ராத்திரியில் முன்பைவிடத் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. அதே சமயம் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பதினொன்றுக்குத்தான் தூக்கம் வருகிறது, ஆறுக்கு எழுப்புகிறோம் என்றால் தினமும் கடன்தான்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே நகர்த்தி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதனால்தான் பினாங்கில் பொழுது விடிவதே ஏழுக்கு மேல், உச்சிவெயில் ஒன்றேகாலுக்கு. ஆறரைக்குப் பிள்ளையை எழுப்பும்போது வெளியே கும்மிருட்டு. பள்ளிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறதே!

மூத்தவளுக்கு இப்போது பாடம் ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. ஆனால் இரண்டு நிபந்தனை வைத்தேன். கைப்பேசி இரவு பத்துக்கு வரவேற்பறைக்கு வந்துவிட வேண்டும், சனி ஞாயிறிலும் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. முதல் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் காலையில் அவளோடு பேச முடிந்தது, அதுவே எனக்குப் பெரிய மாற்றம்.

8 வயதும் 14 வயதும் ஒரே வீட்டில். ஒருவருக்குச் சரியாக இருப்பது மற்றவருக்குச் சரியாக இல்லை.

அவள் எழுவதற்கு முன்பு சின்னவனின் மேசை வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், அதுவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. சேர்ந்து செய்யக்கூடியதைச் சேர்த்தே செய்கிறோம். வாரத்தில் ஒரு காலை, வெயில் ஏறுவதற்கு முன், தாவரவியல் பூங்காவுக்குப் போவோம். 1884-இல் தொடங்கிய தோட்டம், நுழைவாயில் பக்கமே நாகலிங்க மரம் நிற்கும். சின்னவன் கீழே விழுந்த பூவைப் பிரித்து உள்ளே லிங்கம் மாதிரி இருப்பதைப் பார்த்து வரைவான். அவள் அதே மரம் தென்னமெரிக்காவிலிருந்து எப்படி நம் கோயில் வாசலுக்கு வந்தது என்று தேடிப்போய் வாசிப்பாள். ஒரே பூ, இரண்டு பாடம். (சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், அங்கே குரங்குகள் அதிகம்.)

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? ஒன்றைத் தள்ளிவைக்கலாமா?

தள்ளிவைப்பது என்றால் நம் வீடுகளில் முதலில் தள்ளப்படுவது தமிழ்தான், அதனால் இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்வேன். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்கிறோம். 200 ஆண்டைத் தாண்டி வந்ததை நம் சாப்பாட்டு மேசையில் வைத்து அறுத்துவிட வேண்டாம்.

மூன்றும் தினமும் இருக்கட்டும், ஆனால் மூன்றும் பாடமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பருவத்தில் ஒரு மொழி மேசையில் இருக்கும், மற்ற இரண்டும் வாழ்க்கையில் இருக்கும். சின்னவன் தமிழ் எழுத்து கற்ற ஆறு மாதத்தில் மலாய்ப் புத்தகத்தையே திறக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் மாலை கீழ்மாடி மக்சிக் (மலாய்க்கார அத்தை) வீட்டுக்குப் போய் வருவான். நான் கறிவேப்பிலை கொடுத்தனுப்புவேன், அவர் பாண்டான் இலை கொடுத்தனுப்புவார், நடுவில் அரைமணி நேரப் பேச்சு. இப்போது அவன் பேசும் மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, ர, ல எல்லாம் பினாங்குக்காரர்கள் சொல்வதுபோலவே வருகிறது. அதன் மேல் இலக்கணத்தைப் போடுவது சுலபமாக இருந்தது.

பெரிய பிள்ளைக்கு நிலைமை வேறு. எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) சான்றிதழ் வேண்டும் என்றால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம், வரலாற்றுத் தாளும் மலாயில்தான். 14 வயதுக்கு மேல் மலாய் எழுத்துப் பயிற்சிக்கு நாளில் நல்ல நேரத்தை, மூளை தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும்கூட எஸ்.பி.எம். பாடங்கள்தான், அதை மறந்துவிடாதீர்கள். மூத்தவள் தமிழைப் பாட்டிக்குக் கடிதம் எழுதித்தான் காப்பாற்றினாள். ஈப்போவில் இருக்கும் பாட்டிக்கு மாதம் இரண்டு கடிதம், நிஜமான தாளில், தபால்தலை ஒட்டி. பாட்டி சிவப்பு மையில் ஒற்றெழுத்துப் பிழையைத் திருத்தித் திருப்பி அனுப்புவார்.

உடம்பு சரியில்லாத நாள், புகைமூட்ட நாள், வீட்டில் துக்கம் நடந்த நாள், அப்போதெல்லாம் என்ன செய்வது?

அதற்கென்றே ஒரு சின்ன வரிசை முன்கூட்டியே இருக்கட்டும். எங்களுடையது: கதை கேட்பது, ஒரு பக்கம் வரைவது, ஒரு வேலை கூடமாட செய்வது. சின்னவனுக்கு மூச்சுத்திணறல் வந்தாலோ, காற்றுத் தரக் குறியீடு மோசமாகி ஜன்னலைச் சாத்தி வைத்தாலோ இதுதான். என் அப்பா தவறியபோது பதினாறாம் நாள் வரை இதைக்கூடச் செய்யவில்லை. பிள்ளைகள் தாத்தாவின் பெட்டியில் இருந்த பழைய படங்களை அடுக்கி, பின்னால் பெயர் எழுதினார்கள். அதற்குப் பிறகு நேராகப் பழைய வரிசைக்குத் திரும்பாமல் ஒரு வாரம் பாதி, அடுத்த வாரம் முழுசு என்று போனோம்.

பாட்டி, தாத்தா, அத்தை எல்லாரும் “பிள்ளை விளையாடிக்கிட்டேதானே இருக்கு” என்கிறார்கள்.

அவர்கள் கவலை உண்மையானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்த தலைமுறை, படிப்பு என்றால் அவர்களுக்குச் சீருடையும் ரிப்போர்ட் கார்டும்தான். என் மாமியாரிடம் விளக்கிப் பேசுவதை நிறுத்திவிட்டு, வாரத்தில் ஒரு நாள் பாடத்தை அவரிடமே கொடுத்தேன். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அவர் சொல்லிக்கொடுக்கிறார், புதன்கிழமை காலை அவருடையது. இப்போது யாராவது கேட்டால் பதில் சொல்வது அவர்தான்.

ஊக்கம் குறையவில்லை, முயற்சியும் இருக்கிறது, ஆனால் வாசிப்பு வரவே இல்லை. நேரத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

அப்படியென்றால் அட்டவணையோடு போராடுவதை நிறுத்திவிட்டுச் சோதித்துப் பாருங்கள். முதலில் கண், காது. அப்புறம் அரசு சுகாதார கிளினிக்கில் காட்டினால் மருத்துவமனையின் குழந்தைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம்) என்று தெரிந்தால் வாசிப்பைக் கற்றுத்தரும் முறையே வேறு, ஒலியும் எழுத்தும் படிப்படியாக, பார்த்து, கேட்டு, தொட்டு. எட்டு வயதுக்கு மேல் “தானா வந்துடும்” என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காத்திருப்பில் பிள்ளை தன்னை மக்கு என்று முடிவு செய்துகொள்கிறது, அதைக் கழற்றுவது வாசிப்பைக் கற்றுத்தருவதைவிடக் கடினம்.

இருவரும் வேலைக்குப் போகிறோம், வீட்டுவழிக் கல்வி முடியுமா?

ஒருவராவது நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தால் முடியும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அவர் ஷிப்ட் மாறும்போதெல்லாம் வரிசையும் தலைகீழாகும், கணக்கு சில வாரம் காலையில், சில வாரம் ராத்திரி. அவர்களுக்கு அது ஓடுகிறது. இருவருக்குமே அசைக்க முடியாத எட்டு மணி நேர வேலை என்றால் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பிள்ளையைத் திரையிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1996 கல்விச் சட்டத்தில் சேர்த்த 29ஏ பிரிவின்படி 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பதியாமல் விட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வீட்டில் படிக்க வைக்க விலக்கு வேண்டும் என்றால் கல்வி அமைச்சில் விண்ணப்பிக்க வேண்டும், தகுந்த காரணமும் ஆவணமும் கேட்பார்கள். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025-இல் நிறைவேற்றியது, ஆகவே பெரிய பிள்ளை வைத்திருப்பவர்களும் முதலில் மாவட்டக் கல்வி இலாகாவில் நேரில் போய்க் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் விண்ணப்பித்தபோது ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பே ஒருமுறை காணாமல் போனது, எல்லாத் தாளுக்கும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

பிள்ளையே “எனக்குப் பள்ளிக்கூடம் போகணும்” என்றால்?

அதுவும் மாறும் தேவைதான், தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மூத்தவள் போன மாதம் கேட்டாள். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டுவிட்டதால் நடுவில் காட்ட வேண்டிய பொதுத்தேர்வு முடிவு என்று எதுவும் இல்லை, அடுத்தது எஸ்.பி.எம்.தான். அவளுக்கு நட்பு வேண்டியிருக்கிறது, ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கிறது, இரண்டும் என்னால் வீட்டில் கொடுக்க முடியாதது. இப்போது ஆறு வாரமாகத் துண்டுகளை அதற்கேற்ப நகர்த்துகிறோம். எழும் நேரத்தை நாலு நாளைக்குப் பத்து நிமிடம் வீதம் முன்னே கொண்டுவருகிறோம், அறிவியலை மலாய், ஆங்கிலம் இரண்டிலும் வாசிக்கிறாள், நாற்பது நிமிடம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பழகுகிறாள். நேற்று 7.10-க்கு எழுந்து, படுக்கையை மடித்துவிட்டு, குளிர்ப்பெட்டியில் இருந்த தன்னுடைய “காலைத் தூக்கம்” அட்டையைக் கழற்றிச் சின்னவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் தன் நோட்டுக்குள் வைத்திருக்கிறான்.